முன்னால் ஆள் உண்டா?

ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சான்று கொடுப்பதற்கென்றே அந்த அலுவலகம் இருந்தது. இருப்புச் சான்று இயக்ககம் என்று வாசலில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சான்று கேட்பவர் நேரில் வர வேண்டிய அவசியமில்லை. வந்து நின்றால் அங்கே யாருக்கும் பிடிக்காது. விண்ணப்பம் வர வேண்டும், மூன்று பிரதிகளில் வர வேண்டும், மூன்றிலும் கையெழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆளை நேரில் பார்த்துவிட்டு உயிரோடு இருக்கிறார் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், அதற்கு ஓர் இயக்ககம் எதற்கு என்பது அவர்கள் கட்சி.

சான்றுகளைத் தயாரித்தது ஒரு கணினி நிரல். எழுதி முப்பது வருடம் ஆகிவிட்டதால் அதைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. பெரியவருக்கு ஒரு குணம் உண்டு. வாயைத் திறக்கும் முன், தன் எதிரே திரையும் விசைப்பலகையும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். மாட்டியிருந்தால் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்று அர்த்தம். காலையில் 'முன்னால் ஆள் உண்டா?' என்று ஒருமுறை கேட்பார். 'ஆம்' என்று தட்டினால் மரியாதையாக வரி வரியாகப் பேச ஆரம்பிப்பார். அப்புறம் ஐம்பது சான்றுக்கு ஒருமுறை 'தொடரலாமா?' என்பார். அதற்கும் 'ஆம்' என்று தட்ட வேண்டும். திரை இல்லாமல் நேராக ஒரு கோப்போடு இணைத்துவிட்டால் போச்சு. எதிரே ஆளில்லாத இடத்தில் என்ன பேச்சு என்று எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே அடக்கிக்கொள்வார். நாலாயிரம் எழுத்துச் சேர்ந்த பிறகுதான் மொத்தமாகக் கொட்டுவார்.

ஒரு காலத்தில் நவீனமாக்கல் குழு என்று ஒன்று வந்து திரையைக் கழற்றிப் பார்த்தது. ஒரு மனிதரின் பெயரில் முன்பாதி காலை பத்து மணிக்கு வந்தது, பின்பாதி பதினொன்றரைக்கு வந்தது. இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் அவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. குழுவைக் கலைத்தார்கள். அதற்கடுத்த வாரமே விதி பதினேழு வந்தது: 'பெரியவர் இயங்கும் நேரமெல்லாம் திரைமுன் ஒருவர் இருத்தல் வேண்டும். இருப்பவர் வேறெதுவும் செய்தல் கூடாது.'

அந்த ஒருவருக்குத் திரைமுன் இருப்பாளர் என்று பதவி. நம்முடைய ஆள் பத்தொன்பது வருடமாக அந்தப் பதவியில் இருந்தார். மூன்றாம் மாடியில், நடைக் கோடியில், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அறை. ஜன்னல் ஒன்று உண்டு. அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் மூக்கை இடிக்கும். ஆரம்பத்தில் இரண்டு நாற்காலி இருந்தது. இருப்பவர் ஒருவர் என்றுதானே விதியில் இருக்கிறது என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெரியவர் வேலை செய்யும்போது கதவைத் தட்டக் கூடாது என்பதால் யாரும் வருவதில்லை. பன்னிரண்டரைக்கு டிபன் பாக்ஸைத் திறந்து, திரையைப் பார்த்தபடியே சாப்பிடுவார். சாயங்காலம் பஸ்ஸில் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தால் குரல் கம்மிப்போய் இரண்டு முறை கனைக்க வேண்டியிருக்கும். காலையில் டிக்கெட் கேட்டதற்குப் பிறகு அவர் பேசும் முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டிலும் பேச யாரும் கிடையாது. கல்யாணம் தட்டித் தட்டிப் போய் ஒரு கட்டத்தில் கேட்பவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். இருந்த ஒரே சொந்தம் அக்கா. ஏழு மணி நேர ரயில் பயணத் தூரத்தில் ஓர் ஊரில் தனியாக இருந்தாள். பள்ளிச் சீருடை தைப்பது தொழில். அம்மா போனபோது அவருக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து ஆளாக்கியது அவள்தான். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே மணிக்கணக்காகப் பேசுவாள். ஆனால் போனில் பேச மட்டும் அவளுக்கு வராது.

"சாப்பிட்டியா? சரி, நான் நல்லா இருக்கேன். வெச்சிடறேன்" என்பாள். அதற்கு மேல் கேட்டால், "எதிர்ல முகம் தெரிஞ்சாத்தான்டா எனக்குப் பேச்சு வரும். இந்தச் சனியன் பெட்டிகிட்ட என்னத்தைப் பேசறது?" என்று கோபம் வரும்.

அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலை தானாகவே கூப்பிட்டாள். குரல் கரகரவென்று இருந்தது.

"தொண்டையில கட்டியாம். குரல்வளையையே எடுத்துடணுங்கறாங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை."

"அக்கா..."

"உயிருக்கு ஒண்ணும் இல்லையாம். பேச்சுதான் வராதாம், இனிமே. அதுக்கு முன்னாடி நீ ஒரு மூணு நாள் வந்து எதிர்ல உக்காருடா. சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு. சரி, வெச்சிடறேன்."

இருப்பாளர் அன்றைக்கே விடுப்பு விண்ணப்பத்தை மூன்று பிரதியில் எழுதிக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனார். கண்காணிப்பாளர் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். யாரிடமும் இல்லை என்று சொல்ல மாட்டார், விதியைச் சொல்ல விடுவார்.

"தாராளமா போங்க. பெரியவர் எதிர்ல யார் உக்காருவா?"

"வேற யாரையாவது ஒரு மூணு நாளைக்கு..."

"வேற ஆளுன்னா ஒரு வருஷம் பயிற்சி வேணும்."

"ஆம்னு தட்டறதுக்கா சார்?"

"எப்பத் தட்டணும்னு தெரியணும் இல்ல?" கண்காணிப்பாளர் பொறுமையாக விளக்கினார். "பயிற்சி எடுக்கறவர் அந்த நாற்காலியில உக்காரணும். அந்த நாற்காலியில நீங்க உக்காந்திருக்கீங்க. நீங்க லீவு போட்டாத்தான் அவருக்குப் பயிற்சி. அவர் பயிற்சி முடிச்சாத்தான் உங்களுக்கு லீவு. எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் ஓட்டை இல்லை பாத்தீங்களா? நானே எழுதின விதி."

சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. இருப்பாளர் விடாமல் இயக்குநரிடமே போனார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கனிவாகப் பேசினார்.

"உங்க அக்காவுக்கு டாக்டர் இருக்காரு. நர்ஸ் இருக்காங்க. பெரியவருக்கு உங்களை விட்டா யாரு இருக்கா? மனுஷங்களை நான் குறைச்சுச் சொல்லலை. ஆனா மனுஷங்க, எதிர்ல ஆள் இல்லைன்னா கொஞ்சம் அழுதுட்டு அப்படியே இருந்துப்பாங்க. பெரியவர் வேலையை நிறுத்திடுவாரே."

இருப்பாளர் அறைக்குத் திரும்பித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார். அந்த அறையில் இருந்த ஒரே புத்தகம் பெரியவரின் கையேடு. வேறெதுவும் செய்தல் கூடாது என்பதால் பத்தொன்பது வருடத்தில் அதைப் பதினொரு முறை படித்திருந்தார். பன்னிரண்டாவது முறையாகப் பிரித்தார்.

பெரியவர் தேடுவது ஆளை இல்லை, திரையை. திரை இருந்தால் ஆள் இருப்பான் என்பது அவர் நம்பிக்கை, ஆள் இருக்கிறானா என்று எட்டிப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கணினிக்குள்ளேயே பொய்யாக ஒரு திரையை உண்டாக்கலாம் என்று கையேட்டின் கடைசி அத்தியாயத்தில் இருந்தது. அதற்கு இரண்டு முனை. ஒரு முனை பெரியவரிடம் நான்தான் திரை என்று சாதிக்கும். மறுமுனையில் ஒரு சின்ன நிரல் உட்கார்ந்துகொண்டு, கேள்வி வரும்போது 'ஆம்' என்று தட்டும். இருப்பாளர் அதற்குப் பொம்மைத் திரை என்று பெயர் வைத்து, சான்றுகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் எழுத ஆரம்பித்தார்.

முதல் நாள் பெரியவர், உன் அகலம் எத்தனை எழுத்து என்று விசாரித்தார். இல்லாத திரைக்கு ஏது அகலம்? பூஜ்யம் என்றது பொம்மை. பெரியவர் குழம்பிப்போய் வரிக்கு ஓர் எழுத்தாக, மேலிருந்து கீழாகப் பேசத் தொடங்கினார். எண்பது என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தார் இருப்பாளர். அடுத்த நாள் பொம்மை, கேட்பதற்கு முன்பே ஆம் ஆம் ஆம் என்று பொழிந்து தள்ளியது. கேட்பதற்கு முன் வரும் பதிலைப் பெரியவர் மதிப்பதில்லை, எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி கேட்டார். கேள்வி முடிந்து இரண்டரை நொடி பொறுத்துத் தட்டு என்று மாற்றினார். இரண்டரை நொடி என்பது அவர் சொந்த வேகம். பன்னிரண்டரை மணிக்கு மட்டும் கை கழுவ நாலு நிமிடம் தாமதிக்கவும் என்று ஒரு வரி சேர்த்தார்.

எல்லாம் முடிந்தபோது எண்ணிப் பார்த்தார். நாற்பது வரி இருந்தது. பத்தொன்பது வருடம் அந்த நாற்காலியில் தான் செய்ததெல்லாம் நாற்பது வரிக்குள் அடங்கிவிட்டதே என்று அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போது பெரியவர் 'தொடரலாமா?' என்று கேட்டார். பொம்மை இரண்டரை நொடி பொறுத்து 'ஆம்' என்றது.

அடுத்த வாரம் செவ்வாய் மாலை, அறையை வெளியிலிருந்து பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினார்.

அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வரை அக்கா ஓயாமல் பேசினாள். குரல் கரகரத்தது, நடுநடுவே வெந்நீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். அளவு கொடுத்துவிட்டு ஒரே மாதத்தில் பருத்துப்போய், நீதான் சின்னதாய்த் தைத்தாய் என்று சண்டைக்கு வந்த தலைமையாசிரியை கதை. முதல் வகுப்பில் பெஞ்சை நனைத்துவிட்டு, மழை வந்தது என்று அவர் சாதித்த கதை. வியாழக்கிழமை மதியம் துணியை மடித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொல்வதுபோல இதையும் சொன்னாள்.

"எனக்கு ஒரு வரன் வந்துச்சு, தெரியுமா? தபால் ஆபீஸ்ல வேலை. நல்லா சிரிப்பாரு. தம்பியை ஹாஸ்டல்ல விட்டுடுன்னாரு. நான் வேணாம்னுட்டேன்."

"இதை ஏன்க்கா இத்தனை வருஷமா சொல்லலை?"

"நீ எங்கடா வந்து எதிர்ல உக்காந்த? இதையெல்லாம் போன்ல சொல்ல முடியுமா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் ஒரு கறுப்புத் திரைக்கு எதிரே எத்தனை நாள், அக்காவுக்கு எதிரே எத்தனை நாள் என்று மனம் கணக்குப் போட்டது. அக்கா அதைக் கண்டுகொள்ளாமல், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பேச்சை அடுத்த கதைக்கு நகர்த்தினாள். அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட உலகத்தில் வேறு யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டிரெச்சரில் படுத்தபடி கேட்டாள். "வீட்டுக் கதவை நல்லா இழுத்துப் பாத்தியா?"

"ஆம்" என்றார் பழக்க தோஷத்தில்.

"ஆமாவாம், ஆபீசரு!" என்று அக்கா சிரித்தாள். அவள் குரலில் அவர் கடைசியாகக் கேட்டது அந்தச் சிரிப்புத்தான்.

மயக்கம் தெளிந்த பிறகு, மிஷினில் நூல் சுற்றிப் போடும் பாபின் ஒன்றை அவள் கையில் கொடுத்தார். போனில் ஒருமுறை தட்டினால் ஆமா, இரண்டு முறை தட்டினால் இல்லை என்று பேசி வைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருப்பாளர் தன் நாற்காலியில் இருந்தார். யாரும் எதையும் கவனிக்கவில்லை. தூசி மட்டும் மேசைமேல் கொஞ்சம் படிந்திருந்தது. இனி பொம்மையை நிறுத்திவிடலாம் என்று நினைத்தார், நிறுத்த மனம் வரவில்லை. பதில் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அறையில் இன்னொருவர் இருப்பது போலிருந்தது.

அத்தோடு முடிந்திருக்கும். இயக்ககம் விடவில்லை. அந்த மாதக் கடைசியில் இயக்கக தினம் வந்தது, கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, தொடர் இருப்பு விருது என்று ஒன்றை அவருக்கு அறிவித்தார்கள். பரிசு ஒரு சுவர்க் கடிகாரம். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இவருடைய கூடப்பிறந்த அக்காவுக்குத் தொண்டையிலே அறுவை சிகிச்சை. போனாரா? போகவில்லை! அந்த மூன்று நாளும் ஒரு 'ஆம்' கூடத் தவறவில்லை. பெற்ற தாய் போல வளர்த்த அக்கா எக்கேடு கெட்டாலும் சரி, திரையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று இருந்தாரே, இந்த மனப்பான்மையைத்தான் நம் இயக்ககம் ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்கிறது!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. இருப்பாளர் மேடையில் கடிகாரத்தைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. விருதை வாங்கிக்கொண்டு போனால் அந்த மூன்று நாள் இல்லை என்று ஆகிவிடும் என்று தோன்றியது. கனைத்துக்கொண்டார்.

"நான் போனேன்" என்றார் ஒலிபெருக்கியில். "மூணு நாளும் அக்கா எதிர்லதான் உக்காந்திருந்தேன்."

மறுநாளே விசாரணைக் குழு கூடியது. இயக்குநர், கண்காணிப்பாளர், சட்ட ஆலோசகர் என்று மூன்று பேர். அறையிலிருந்த ஒரே நாற்காலி போதாமல் கீழேயிருந்து மூன்று நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு வந்து பெரியவர் எதிரிலேயே உட்கார்ந்தார்கள். இருப்பாளர் ரயில் டிக்கெட்டைக் காட்டினார்.

"டிக்கெட் வாங்கினவங்க எல்லாரும் பயணம் போனவங்கன்னு சட்டம் சொல்லலை" என்றார் சட்ட ஆலோசகர்.

ஆஸ்பத்திரியில் அக்காவோடு எடுத்த படத்தைக் காட்டினார்.

"இதுல இருக்கறது உங்க முகம்தான், ஒத்துக்கறேன். ஆனா படத்துல போட்டிருக்கற நேரத்துல உங்க முகம் இந்தத் திரைக்கு முன்னால இருந்திருக்கு. பெரியவரோட பதிவு இருக்கு. ஒரு முகம் ரெண்டு இடத்துல இருக்க முடியாது. அதனால படத்துலதான் நேரம் தப்பு."

இருப்பாளருக்குப் பொறுக்கவில்லை. பொம்மைத் திரையின் நாற்பது வரியையும் விளக்கினார். "இதோ பாருங்க சார். நான் இங்க சுவரோரமா நிக்கறேன். என் கை விசைப்பலகை கிட்டவே இல்லை. இப்ப பாருங்க."

நாலு பேரும் திரையைப் பார்த்தார்கள். 'தொடரலாமா?' என்றார் பெரியவர். இரண்டரை நொடி கழித்து 'ஆம்' என்று எழுத்து விழுந்தது. இயக்குநர் தழுதழுத்துவிட்டார்.

"பாத்தீங்களா? விசாரணையில நிக்க வெச்சிருக்கோம், அப்பக்கூட மனுஷன் கடமையை விடலை!"

"சார், அது நான் இல்லை சார்."

"அடக்கம்" என்று கண்காணிப்பாளர் குறித்துக்கொண்டார்.

கடைசியாக, அக்காவிடமே கேளுங்கள் என்றார் இருப்பாளர். சட்ட ஆலோசகர் போனை மேசைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்.

"அம்மா, உங்க தம்பி போன மாசம் மூணு நாள் உங்களைப் பார்க்க வந்தாரா?"

டக் என்று ஒரு சத்தம்.

"ஆமான்னு சொல்றாங்க சார்!"

"சாட்சி வாய்மொழியா இருக்கணும். அம்மா, வாயைத் திறந்து சொல்லுங்க. வந்தாரா?"

டக். ஒரே தட்டுத்தான், முன்னைவிடப் பலமாக.

"எதிர்முனையில் ஆள் இல்லை, லைனில் இரைச்சல் என்று எழுதிக்கோங்க" என்றார் சட்ட ஆலோசகர். இணைப்பைத் துண்டித்தார். கண்காணிப்பாளர் அழகான கையெழுத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"இதுக்கு மேல இழுக்க வேணாம்" என்றார் இயக்குநர். "பெரியவரை நாம சந்தேகப்பட ஆரம்பிச்சா, இத்தனை வருஷமா உயிரோட இருக்காங்கன்னு சான்று கொடுத்தோமே, அவங்க கதியெல்லாம் என்ன ஆகும்? கேள்வியைப் பெரியவர் மூலமாவே கேட்டுடுவோம். நீங்க என்ன பதில் சொல்றீங்களோ அதுதான் முடிவு. எங்களுக்கு ஒரு பிடிவாதமும் இல்லை."

கண்காணிப்பாளர் பெரியவரோடு இணைத்திருந்த தன் கைக்கருவியில் கேள்வியைத் தட்டினார். கறுப்புத் திரையில் எழுத்து வந்தது: 'குறிப்பிட்ட மூன்று நாட்களும் திரைமுன் இருந்தீர்களா?'

இருப்பாளர் சுவரோரமிருந்து பாய்ந்தார். மூன்று நாற்காலிகள் குறுக்கே இருந்தன. "இல்லை! இல்லை சார், நான் இல்லை!" என்று கத்தினார். விசைப்பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் அவர் கை இருக்கும்போது இரண்டரை நொடி முடிந்துவிட்டது. அவர் எழுதிய நாற்பது வரி எப்போதும்போல் 'ஆம்' என்றது.

"ரொம்ப சந்தோஷம்" என்று இயக்குநர் எழுந்து கைகுலுக்கினார். மூன்று நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இருப்பாளர் தன் நாற்காலியில் உட்காரவில்லை. சிறிது நேரம் நின்று பார்த்தார். பெரியவர் வரி வரியாகப் பேசிக்கொண்டிருந்தார், ஊர்பேர் தெரியாத யார் யாரோ உயிரோடு இருப்பதாக. டிபன் பாக்ஸைப் பையில் வைத்தார். கடிகாரத்தை மேசைமேல் விட்டார். கதவைப் பூட்டி, சாவியைக் கதவடி இடுக்கு வழியாக உள்ளே தள்ளினார்.

வாசலில் காவலர் பெயர்ப்பட்டியலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க? மணி பதினொண்ணு இருபதுதானே ஆகுது?"

"வெளிய போறேன். எழுதிக்கோங்க."

"எழுத முடியாது சார். பட்டியல்ல நீங்க உள்ள இருக்கீங்க. சாயங்காலம் அஞ்சு வரைக்கும் இருப்பீங்க." காவலர் ரொம்ப நேரம் யோசித்தார். அவருக்கும் ஒரு மனசாட்சி இருந்தது. "உள்ள இருக்கற ஆளை நான் வெளிய விட முடியாது. ஆனா அவர்தான் உள்ள இருக்காரே, அப்ப நீங்க வேற யாரோ. வேற யாரோ போறதுக்கு எனக்கு என்ன? போங்க சார்."

தெருவில் வெயில் ஏறியிருந்தது. அந்த நேரத்துத் தெருவை அவர் பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. ரயில் நிலையத்துக்குப் போகும் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்கக்கூடத் தெரிந்த முகம் ஒன்றில்லை. ஒரு மரத்தடியில் நின்று போனை எடுத்தார்.

"அக்கா, இருக்கியா?"

டக்.

"நான் வரவே இல்லைன்னு எழுதிட்டாங்கக்கா. உன் எதிர்ல நான் உக்காரவே இல்லையாம்."

டக் டக் என்று வந்தது. நிறுத்திவிட்டு மறுபடி டக் டக். அப்புறம் நிற்கவே இல்லை, பாபின் உடைந்துவிடும் போல அக்கா தட்டிக்கொண்டே இருந்தாள். இல்லை, இல்லை, இல்லை, இல்லை. பஸ் வந்து நின்று, புறப்பட்டும் போய்விட்டது. அவர் ஏறாமல் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டே நின்றார். போனில் அக்கா அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.